இரும்பை இழுக்கும் நெய்

அண்மையில் ஓர் இளம் கால்நடை வைத்தியர் என் வீட்டுக்கு வந்திருந்தார். குச்சவெளிப் பக்கம் ஒரு பசுவின் வீங்கிய காலில் யாரோ உடும்பு நெய் பூசிக் கட்டியிருந்ததைக் கண்டு, அந்தக் கோபம் ஆறாமலே வந்தவர். "மிஸ், நீங்கள் இந்த மாவட்டத்தில முப்பது வருஷம் வேலை செய்தனீங்கள். உந்த நெய்களில ஏதும் இருக்கோ, இல்லையோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ" என்றார். தேநீரைக் கொடுத்துக் கதையை மாற்றினேன். அவர் போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் தெளியும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தெளியுமென்று தோன்றவில்லை.

நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்தவள். பெயர் பெரிது; வேலை, ஊசி போடுவதும், சினை பார்ப்பதும், பதிவேடு எழுதுவதும். இரண்டு வருடப் பயிற்சியில் படித்ததை முதல் ஆறு மாதத்திலேயே எருமைகள் எனக்குத் திருத்திக் கொடுத்துவிட்டன. திருகோணமலை நகரில் அலுவலகம். எனக்குத் தரப்பட்ட பகுதி கடலுக்கு அக்கரையில், மூதூர், தோப்பூர் பக்கம். துறைமுகத்து இறங்குதுறையில் லாஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் ஏறி, சைக்கிளை அதன் கூரையில் படுக்க வைத்து, குடாவைத் தாண்டிப் போவேன். தடுப்பூசி மருந்து கெடாமல் இருக்க மீன்காரரிடம் ஐஸ் வாங்கி றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் போட்டுக்கொள்வதால், என் மருந்தெல்லாம் சூடை மீன் மணக்கும்.

எங்கள் மேலதிகாரி ஒரு கால்நடை வைத்தியர். அவருடைய பெயரைப் போட வேண்டாம் என்று மகள் கேட்டிருப்பதால் டொக்டர் என்றே எழுதுகிறேன். குரலை உயர்த்தி யாரையும் பேசியதில்லை. மாட்டைத் தொடுமுன் சட்டைக் கையைச் சரியாக மூன்று மடிப்பு மடிப்பார். நாங்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளைச் சிவப்புப் பென்சிலோடு வாசிப்பார். 'காய்ச்சல் போல இருந்தது' என்று எழுதியிருந்தால் 'போல' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு விழும். "காய்ச்சலோ, இல்லையோ? உங்களிட்ட வெப்பமானி இருந்ததுதானே, பிள்ளை? 'போல' எண்டு எழுதுறதெண்டால் நாங்கள் ஏன் போகவேணும்? மாட்டுக்காரனே எழுதுவான்" என்பார். நாலைந்து வருடத்தில் என் எழுத்திலிருந்து அந்தச் சொல் போயே போய்விட்டது. பேச்சிலும் குறைந்தது.

நாட்டு வைத்தியத்தில் காட்டு விலங்குகளைக் கொண்டு செய்யும் மருந்துகள் அவருக்குப் பிடிக்காது. உடும்பு நாக்கு, மயிற்பீலிச் சாம்பல், கரடிப் பித்தம், அழுங்கு எனும் எறும்புதின்னியின் செதில் என்று எதைச் சொன்னாலும், "விலங்கும் சாகுது, நோயாளியும் சாகுது" என்று ஒரே வசனம் சொல்வார். தோப்பூருக்கு அப்பால் காட்டோரக் குடியிருப்பு ஒன்றில் கதிராமன் என்று ஒரு மாட்டுப் பரியாரி இருந்தார். வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பின் நெய்தான் அவருடைய பெரிய மருந்து. அவர் பாம்பு பிடிப்பதைப் பற்றி டொக்டர் ஒருமுறை மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நாடு வேறு வேலையில் இருந்தது.

யுத்தம் எங்கள் பக்கம் இறுகிய பிறகு, இறங்குதுறையில் படையினரின் சோதனைச் சாவடியில், அக்கரைக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியல் ஒன்று தொங்கியது. பற்றரி, சீமெந்து என்று தொடங்கிப் பென்சிலின், பஞ்சு, ஸ்பிரிட், நோவு தெரியாமல் மரக்க வைக்கும் ஊசி மருந்து வரை போனது. காயப்பட்ட போராளிகளுக்குப் போய்விடும் என்ற சந்தேகம். மாட்டுக்குப் போடும் பென்சிலினை மனிதனுக்கும் போடலாம். அதை நாங்கள் மறுக்கவும் ஏலாது. ஒவ்வொரு தடவையும் அனுமதிக் கடிதத்துக்கு அலைந்தோம். கடிதம் வருமுன் மாடு செத்தது.

அப்படியான ஒரு நாளில்தான் தோப்பூர் அசனார் நானாவின் எருமை விஷயம் வந்தது.

வில்லு என்னும் சதுப்புக் குளத்தின் கரைப் புல்லில் மேய்ந்து நின்ற எருமை. பக்கத்தில் ஷெல் விழுந்து, ஒரு துண்டு இடது தோளுக்குள் போய்விட்டது. நான் பார்த்தபோது ஆறு நாள் ஆகியிருந்தது. தோள் பலாப்பழம் போல வீங்கி, காலை நிலத்தில் ஊன்றாமல் நின்றது. கிட்டப் போகமுன் மணம் வந்தது. ஆறு மாதச் சினை வேறு. நான் நகருக்குத் திரும்பிச் சொன்னதும் டொக்டர் மறுநாளே லாஞ்ச் ஏறினார். சாவடியில் அவருடைய பையிலிருந்து மருந்தை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, கத்தியையும் சவர்க்காரத்தையும் மட்டும் விட்டார்கள்.

எருமையை விழுத்துவதற்குக் கயிற்றை மூன்று சுற்றாகப் போட்டு நாலு பேர் பின்னால் இழுத்தார்கள். அது முழங்காலில் இருந்து, பிறகு பக்கமாகச் சரிந்தது. டொக்டர் கையை மூன்று தரம் கழுவினார். காயத்துக்குள் விரலை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இருக்கு. நாலு விரல் ஆழம். எலும்போட ஒட்டி நிக்குது" என்றார். சீழ் வடிய வழி வேண்டுமென்று காயத்தின் கீழ்ப்பக்கம் ஓர் அங்குலம் கீறினார். எருமை கதறி எழும்பியது. கயிறு ஒன்று அறுந்தது. பிடித்திருந்தவர்களில் ஒருவர் சேற்றில் போய் விழுந்தார்.

டொக்டர் எழும்பி நின்று சொன்னார்: "மரக்க வைக்காமல் இதுக்கு மேல கை வைக்கேலாது நானா. நஞ்சு இரத்தத்தில ஏறினால் தாயும் போகும், கன்றும் போகும். இறைச்சிக்கும் உதவாது. கஷ்டப்படுத்தாமல் முடிக்கிறதுதான் நல்லம்."

அசனார் நானா தலைத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "நீங்க படிச்ச மனிசன். நீங்க சொல்றது சரியா இருக்கும். ஆனா நான் கதிராமனுக்கும் ஆள் அனுப்பி இருக்கன், டொக்டர். கோவிக்காதீங்க" என்றார்.

கதிராமன் வந்தபோது நாற்பது வயதுகூட ஆகாத மனிதராக இருந்ததே எனக்கு ஆச்சரியம். பெயரைக் கேட்டு ஒரு கிழவரை நினைத்திருந்தேன். வாயோயாத கதை, பெரிய சிரிப்பு, கொஞ்சம் தற்பெருமை. இடுப்பிலிருந்து போத்தலை எடுத்து என் உள்ளங்கையில் ஒரு துளி நெய்யை விட்டார். "பொறுங்கோ மிஸ். புறங்கையால வரும் பாருங்கோ. வெங்கிணாந்தி நெய் எலும்பையும் துளைச்சுப் போகும். உள்ளுக்குக் கிடக்கிற இரும்பை இழுத்துக்கொண்டு வரும்" என்றார். நான் புறங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சிறிது நேரத்தில் அங்கே ஒரு மினுமினுப்பு வந்தது. நண்பகல் வெயில். வேர்வையா, நெய்யா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

டொக்டர் நெய்யைப் பார்க்கவில்லை. கதிராமனின் மடியில் இருந்த முள்ளம்பன்றி முள்ளைத்தான் பார்த்தார். ஒரு சாண் நீளம், வழுவழுப்பு, ஊசி முனை. துணித்திரியை நெய்யில் தோய்த்து, அந்த முள்ளால் காயத்தின் அடி வரைக்கும் தள்ளுவது கதிராமனின் முறை.

"முள்ளை அவிச்சுப்போட்டு விடும்" என்றார் டொக்டர்.

"அவிச்சா அதின்ர குணம் போயிடும் ஐயா."

"அவிக்காட்டி மாடு போயிடும்."

கடைசியில் டொக்டர், "முள்ளை நான் அவிக்கிறன். திரியையும் அவிக்கிறன். உம்மட நெய்யில நான் கை வைக்கேல்ல" என்றார். கதிராமன் யோசித்துவிட்டு, "நெய்தான் முக்கியம். முள்ளை உங்கட விருப்பத்துக்குச் செய்யுங்கோ" என்று விட்டுக்கொடுத்தார். அசனார் நானா வீட்டுக் குசினியில் முள்ளு அவிந்தது. தினம் இருமுறை அவித்த உப்புத் தண்ணீரால் காயத்தைக் கழுவுவது டொக்டரின் கட்டளை. அதன் பிறகு திரி வைப்பது கதிராமனின் வேலை. நான் மூதூரில் தங்கி ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் காலை திரியை இழுத்தபோது, சீழோடு ஒரு கறுத்த இரும்புத் துண்டு வந்து விழுந்தது. பெருவிரல் நகம் அளவு. எருமை பிழைத்தது. கன்றும் பிறகு சுகமாகப் பிறந்தது.

கதிராமன் அதை நெய்யின் வேலை என்றார். நான், டொக்டர் கீழே கீறி வழி விட்டதால் வந்தது என்று நினைத்தேன். உப்புத் தண்ணீரா, அவித்த முள்ளா, எருமையின் உடம்பு தானாகவே தள்ளியதா? டொக்டரிடம் கேட்டேன். அவர் அறிக்கையை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தார். பிறகு அவர் எழுதிய வசனத்தைப் படித்து நான் திகைத்துப்போனேன். 'கீறல், உப்புத் தண்ணீர், நெய்த் திரி மூன்றும் சேர்ந்து உதவியது போலத் தெரிகிறது' என்று இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எனக்கு ஒரு புது வேலை தந்தார். மாவட்டத்தில் விலங்கு மருந்து செய்கிறவர்கள் எல்லாரையும் பற்றி ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். ஏழு நிரல். பெயர், ஊர், எந்த விலங்கு, எந்தக் காட்டில் பிடிப்பது, எந்த மாதம், எந்த நோய்க்கு, பலன். "எந்தக் காடு எண்டதை விடாதேங்கோ. எவ்வளவு விலங்கு அழியுதெண்டு தெரியவேணும்" என்றார். நான் உற்சாகமாகத்தான் எழுதினேன். நிலாவெளியில் மான்கொம்பை உரைத்து நெஞ்சில் தடவுகிறவர், குச்சவெளியில் உடும்பு நெய்க்காரர், மயிற்பீலியைச் சுட்டுத் தேனில் குழைத்து விக்கலுக்குக் கொடுக்கும் ஒரு அக்கா என்று முப்பதுக்கு மேல் பெயர் சேர்ந்தது. கதிராமனின் வரிசையில், பலன் என்ற நிரலில், 'தசைக்குள் புதைந்த ஷெல் துண்டை வெளியே எடுத்தவர். கண்ணால் கண்டது' என்று எழுதினேன். 'போல' போடாமல் எழுதினேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

ஒரு நாள் இறங்குதுறைச் சாவடியில் அந்தக் கொப்பியை வாங்கிப் புரட்டினார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். நாளைக்கு வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் திருப்பித் தந்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்துக் கதிராமனை விசாரணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அசனார் நானா சொல்லியனுப்பினார்.

கொப்பியில் முப்பதுக்கு மேல் பெயர் இருந்தும் அவர் ஒருவரை மட்டும்தான் கொண்டுபோனார்கள். டொக்டரிடம் சொன்னேன். அவர் கொப்பியை வாங்கி, கதிராமனின் வரிசைக்கு விரலைக் கொண்டுபோய், கடைசி நிரலில் நிறுத்தினார். "எந்தக் காட்டுக்குள்ள போறவர் எண்டும் எழுதியிருக்கு. உடம்புக்குள்ள கிடக்கிற இரும்பை எடுப்பார் எண்டும் எழுதியிருக்கு" என்றார். "வாசிக்கிறவன் எருமையை நினைப்பானோ?"

டொக்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நிரல்களைப் போட்டவர் அவர். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் டொக்டர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். இருவரும் படை முகாமுக்குப் போனோம். முகாம் வாசலில் கதிராமனின் மனைவி பூமணி நின்றார். நான்கு நாளாக அங்கேயே நிற்கிறாராம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸ், அவர் மாட்டுக்குத்தான் மருந்து செய்யிறவர் எண்டு சொல்லுங்கோ. மாட்டுக்கு மட்டும்தான் எண்டு சொல்லுங்கோ. வேற ஆருக்கும் இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லை அவர் அழுத்திய விதம் எனக்குள் ஒரு முள்ளாக நின்றது. கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

உள்ளே அதிகாரி மரியாதையாகத்தான் கதிரை காட்டினார். மேசையில் என் கொப்பியின் பக்கங்களின் பிரதி இருந்தது. கதிராமனின் வரிசையின் கீழ் நீல மையில் கோடு. அதன் பக்கத்தில் வேறொரு கடிதமும் கிடந்தது. கையெழுத்து இல்லாத மொட்டைக் கடிதம் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. எது முதலில் வந்தது, எதைக் கொண்டு ஆளைப் பிடித்தார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கதிராமனைக் கூட்டிவந்து சுவரோரம் நிறுத்தினார்கள். மெலிந்திருந்தார். என்னைக் கண்டு சிரிக்கப் பார்த்தார்.

அதிகாரி டொக்டரிடம் சிங்களத்தில் ஒரே கேள்வி கேட்டார். எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனால் இந்தக் கேள்வியும் டொக்டரின் பதிலும் விளங்கின. இவருடைய நெய் உடம்புக்குள் இருக்கும் இரும்பை எடுக்குமா, எடுக்காதா?

எடுக்கும் என்றால் அந்த மனிதர் வீட்டுக்குப் போக மாட்டார். எடுக்காது என்று சொல்ல டொக்டரிடம் ஆதாரம் இல்லை. அவரே கையெழுத்திட்ட அறிக்கை அலுவலக அலுமாரியில் இருந்தது. அவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. எடுக்காது, அது வெறும் கொழுப்பு, சுவாசம் போகிற மாட்டுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை, அந்தத் துண்டு வந்தது நான் கத்தியால் கீறியதால், இந்த மனிதருக்கு வைத்தியமே தெரியாது, ஊரை ஏமாற்றுகிறவர், என் ஊழியர் தவறாக எழுதிவிட்டார் என்று நிதானமாகச் சொன்னார். எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவர் கதிராமனிடம் தமிழில் சொன்னார்: "உன்ர மருந்து பொய் எண்டு டொக்டர் சொல்றார். உனக்கு ஒண்டும் தெரியாதாம். சரியோ?"

கதிராமன் டொக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் 'ஓம்' என்று சொல்லவேண்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். அதேநேரம் அவர் அதைச் சொல்லிவிடக் கூடாது என்றும் ஏதோ ஒன்று எனக்குள் துடித்தது. அவர், "டொக்டர் படிச்சவர். அவர் சொன்னாச் சரிதான்" என்றார்.

இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள்.

டொக்டர் அந்தக் கொப்பியைத் தன் மேசையில் விரித்து வைத்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், ஊர், காடு என்ற மூன்று நிரல்களையும் வெட்டி எடுத்து எரித்தார். மிஞ்சியது, யார் செய்தது, எங்கே செய்தது என்று தெரியாத மருந்துகளின் பட்டியல். அவர் சொன்னது பொய்யா, அல்லது உண்மையிலேயே அவர் அப்படித்தான் நம்பினாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கதிராமன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துவைத்த சறமும் வெள்ளைச் சட்டையும். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. ஒரு சின்னப் போத்தலை டொக்டரின் மேசையில் வைத்தார்.

"ஐயா, என்னை வெளியில எடுத்துவிட்டனீங்கள். அதுக்கு நான் காலில விழவும் தயார். ஆனா ஊருக்குள்ள இப்ப என்னைக் கள்ளப் பரியாரி எண்டு சொல்றாங்கள். மொழிபெயர்த்தவன் எங்கட பக்கத்து ஆள். இந்த நெய்யை நீங்களே சோதிச்சுப் பாருங்கோ. பொய்யெண்டா, அதை எனக்கு எழுதித் தாங்கோ. நான் இனிக் காட்டுக்குப் போகேல்ல."

டொக்டர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எனக்குத் தெரியாது, கதிராமன்" என்றார் கடைசியில். அவர் வாயால் அந்தச் சொல்லை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"தெரியாதெண்டா அங்கயும் அப்பிடிச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீர் இஞ்ச வந்து என்னைக் கேட்டிருக்க மாட்டீர்."

கதிராமன் தலையை ஆட்டினார். சம்மதமா, வேதனையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. போத்தலை எடுத்துக்கொள்ளாமல் வெளியே போனார்.

நான் பின்னால் ஓடினேன். இறங்குதுறை வரைக்கும் கூடவே நடந்தேன். கொப்பியில் எழுதியது நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தெரியும் மிஸ். உங்கட எழுத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினவங்கள். நல்லாத்தான் எழுதியிருந்தீங்கள்" என்றார். கோபம் இருக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது.

லாஞ்சில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இதற்குப் பிறகு கேட்க இடம் கிடைக்காது என்று நினைத்தேன்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? நீங்கள் மாட்டுக்கு மட்டும்தானோ அந்தத் திரி வைச்சனீங்கள்?"

அவர் பலகையில் ஒரு காலை வைத்தபடி நின்றார். "எழுதப் போறீங்களோ, மிஸ்?"

"இல்லை. சத்தியமா இல்லை."

"எழுதேல்ல எண்டா, தெரிஞ்சு நீங்கள் என்ன செய்யப் போறீங்கள்?"

அவர் லாஞ்சுக்குள் ஏறி, எனக்கு முதுகு காட்டாமல், கரையைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். லாஞ்ச் குடாவுக்குள் திரும்பும்வரை நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஏதாவது தெரியுமென்று நினைத்தேன்.